சிடி4, சிடி8 இரண்டும் ஒரே செல்லில் 12 சதவிகிதம்: அது செல்லா, சாயம் செய்த வேலையா?

சேலத்தில் முதுநிலை நுண்ணுயிரியல் படிக்கும் ஒருவருடைய கேள்வி இது. ஏற்காட்டில் மே மாதம் நடந்த முகாமில் நோயில்லாதவர்களிடம் ரத்தம் எடுத்து, சேலத்துக்குக் கொண்டுவந்து ஃப்ளோ சைட்டோமெட்ரி (சாயம் ஏற்றிய செல்களை லேசர் முன்னால் ஓட்டி எண்ணும் முறை) செய்திருக்கிறார்கள். போட்ட ஆன்டிபாடிகள் ஐந்து: சிடி45 பெர்சிபி, சிடி3 எஃப்ஐடிசி, சிடி4 பிஇ, சிடி8 பிஇ-சை7, சிடி19 ஏபிசி. சிடி எண் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் பொருளின் பெயர், அடுத்து வருவது ஆன்டிபாடியில் கட்டிய சாயத்தின் பெயர். டி செல்களில் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) 12 சதவிகிதம் சிடி4, சிடி8 இரண்டுக்கும் பாசிட்டிவ் என்று வருகிறது. புத்தகத்தில் 1 முதல் 3 சதவிகிதம்தான். தப்பு எங்கே, முதலிலிருந்து எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

முதல் சந்தேகம் உங்கள் பிஇ-சை7 மீதுதான். அந்தச் சாயம் உடைந்திருந்தால் இதே படம்தான் வரும். ஆனால் சந்தேகத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. இதே 12-ஐக் கொடுக்கக்கூடிய வேறு மூன்று நான்கு காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் புள்ளிப்படத்தில் கண்ணாலேயே பிரித்துச் சொல்ல முடியும். அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்: கருவி செல்லைப் பார்ப்பதில்லை, ஒளியைத்தான் எண்ணுகிறது. செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் முன்னால் ஓடுகின்றன. நேராகச் சிதறும் ஒளி செல்லின் பருமனைக் காட்டும், பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளே இருக்கும் துகள்களைக் காட்டும். மீதி எல்லாம் ஆன்டிபாடியில் கட்டிய சாயம் விடும் வெளிச்சம். 488 நானோமீட்டர் நீல லேசர் பட்டால் எஃப்ஐடிசி சுமார் 520-இல் பச்சையாகவும், பிஇ சுமார் 575-இல் மஞ்சள் ஆரஞ்சாகவும், பெர்சிபி 675 அருகில் சிவப்பாகவும் ஒளிரும். பிஇ-சை7 780 பக்கம், கண்ணுக்குத் தெரியாத எல்லையில் ஒளிரும். ஏபிசி-க்குச் சிவப்பு லேசர் வேண்டும், அது 660-இல் ஒளிரும். "இது சிடி8 செல்" என்று கருவி ஒருபோதும் சொல்வதில்லை. "780 பக்கம் இவ்வளவு ஒளி வந்தது" என்றுதான் சொல்கிறது. அதற்குப் பெயர் வைப்பது நாம். பெயர் தப்பாகும் இடமும் அதுதான்.

இந்தப் பெயர்களின் பின்னால் இருப்பவை ஒற்றைக்குல ஆன்டிபாடிகள். கோலரும் மில்ஸ்டீனும் 1975-இல் அவற்றைச் செய்யும் வழியைக் கண்டார்கள், 1984-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழி வந்தபின் ஒவ்வோர் ஆய்வகமும் தன் ஆன்டிபாடிக்குத் தனிப் பெயர் வைத்துக் குழம்பிக் கிடந்ததால், 1982-இல் பாரிஸில் கூடி சிடி எண்களை வகுத்தார்கள். எல்லா வெள்ளையணுக்களுக்கும் சிடி45, டி செல்லுக்கு சிடி3, அதிலே உதவி செல்லுக்கு சிடி4, கொல்லும் செல்லுக்கு சிடி8, பி செல்லுக்கு சிடி19, என்கே (நேச்சுரல் கில்லர்) செல்லுக்கு சிடி16-உம் சிடி56-உம், மோனோசைட்டுக்கு சிடி14. உங்கள் ஐந்தில் என்கே-க்கு ஆன்டிபாடி இல்லை. அதனால் சிடி3-உம் சிடி19-உம் இல்லாத மிச்ச லிம்ஃபோசைட்டையெல்லாம் (டி, பி, என்கே மூன்றும் சேர்ந்த வெள்ளையணு வகை அது) என்கே என்று எழுதிவிடாதீர்கள். சரியாகச் சாயம் ஏறாத செல்களும் அந்த மிச்சத்தில்தான் ஒளிந்திருக்கும்.

இப்போது பிஇ-சை7. இது இரட்டைச் சாயம். கடல் சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் பிஇ என்ற பெரிய புரதத்தின் மேல் சை7 என்ற சிறு மூலக்கூறுகளைக் கட்டியிருக்கிறார்கள். நீல ஒளியைப் பிஇ விழுங்கும், விழுங்கிய ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் சை7-இடம் கைமாற்றும், சை7 780-இல் ஒளிரும். அந்தக் கட்டு வெளிச்சத்தாலும் வெப்பத்தாலும் ஃபார்மால்டிஹைடில் நெடுநேரம் கிடப்பதாலும் சிதையும். சிதைந்தால் கைமாற ஆள் இல்லை. பிஇ தன் சொந்த நிறத்திலேயே ஒளிரத் தொடங்கிவிடும். அப்போது சிடி8 செல்லிலிருந்து 575-இல் ஒளி வருகிறது. உங்கள் படத்தில் 575 என்றால் சிடி4. அந்தச் செல்லில் சிடி4 ஒன்றுகூட இல்லாவிட்டாலும் இரண்டும் உண்டு என்று புள்ளி விழும்.

இனி, படத்தின் உருவத்தைப் பாருங்கள். கிடைமட்டத்தில் சிடி4, செங்குத்தில் சிடி8 என்று வைத்துக்கொள்வோம். சாயம் உடைந்திருந்தால் மேலே இடப்பக்கம் இருக்க வேண்டிய சிடி8 கூட்டம் நிமிர்ந்து நிற்காது, வலப்பக்கம் சாய்ந்திருக்கும். சிடி8 எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு சாய்வு. தலை வலப்பக்கம் போயிருக்கும், கால் பழைய இடத்திலேயே இருக்கும். நீங்கள் போட்ட கோடு அந்தச் சாய்ந்த கூட்டத்தை நடுவே வெட்டும்போது, தலைப்பக்கம் மட்டும் "இரண்டும் பாசிட்டிவ்" கட்டத்தில் விழும். அதனால்தான் எல்லா சிடி8 செல்லும் போகாமல் 12 மட்டும் போகிறது. கணக்கும் இதற்குச் சாட்சி சொல்லும். சிடி8 மட்டும் உள்ளவை வழக்கத்தைவிடக் குறைந்து, குறைந்த அளவே 12-ஆக எழுந்திருக்கும். சிடி4 மட்டும் உள்ளவை தொடாமல் இருக்கும்.

ஒட்டிக்கொண்ட இரட்டைச் செல்கள் என்றால் உருவம் வேறு. சிடி4 செல்லும் சிடி8 செல்லும் ஒன்றாக லேசரைக் கடந்தால் கருவி அதை ஒரே செல்லாக எண்ணும். சிடி4 கூட்டத்தின் பிரகாசமும் சிடி8 கூட்டத்தின் பிரகாசமும் சந்திக்கும் மூலையில் தனியே ஒரு வட்டமான சின்னக் கூட்டம் நிற்கும், சாய்வு இருக்காது. முன்சிதறலின் பரப்பை அதன் உயரத்துக்கு எதிராகப் போட்டால் தனிச் செல்கள் ஒரு மூலைவிட்டத்தில் நிற்கும், ஒட்டியவை உயரத்துக்குப் பொருந்தாத பரப்போடு விலகி நிற்கும். அந்த விலகலை வெட்டியதும் 12 சரிந்தால் வழக்கு முடிந்தது. இதில் சிடி4-உம் சிடி8-உம் இரண்டுமே குறைந்திருக்கும்.

செத்த செல்கள் எல்லா ஆன்டிபாடியையும் தின்னும். படத்தின் கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்கு ஒரு கோடுபோல் நீளும். சிடி19-ஐ எடுத்துப் பாருங்கள், அங்கேயும் அதே செல்கள் பாசிட்டிவ் என்று சொல்லும். சிடி3-உம் சிடி19-உம் ஒன்றாக உள்ள செல் ரத்தத்தில் இயல்பாகக் கிடையாது, அதனால் அந்தக் கட்டம் உங்களுக்கு நல்ல காவல்காரன். ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் சானலில் கசிவதைக் கழிக்கும் கழிவுக் கணக்கு தப்பினால், அதாவது காம்பென்சேஷன் குறைந்தால், ஒரு கூட்டம் முழுதாக ஒரு பக்கம் சாயும். அது எந்தக் கூட்டம் என்பதுதான் தடயம். சிடி4 கூட்டம் மேல்நோக்கிச் சாய்ந்தால் பிஇ-இன் கசிவு சரியாகக் கழியவில்லை.

உண்மையான இரட்டைப் பாசிட்டிவ் செல்கள் ரத்தத்தில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சிடி4 முழுப் பிரகாசத்தோடும் சிடி8 மங்கலாகவும் இருக்கும். சிடி4 கூட்டத்திலிருந்து நேர்மேலே மெல்லப் படரும், சாய்வே இல்லாமல். இந்த உருவத்தை ஒருமுறை கண்ணில் பதித்துவிட்டால் பிறகு மறக்காது.

கையோடு செய்ய வேண்டிய சோதனை ஒன்று. அதே ரத்தத்தில் சிடி8 பிஇ-சை7 மட்டும் போட்ட குழாய் ஒன்று, திறக்காத புதுக் குப்பியிலிருந்து அதையே போட்ட குழாய் ஒன்று. இரண்டையும் கழிவுக் கணக்கு இல்லாமல் ஓட்டி, 575 சானலில் சிடி8 செல்களின் நடு மதிப்பைப் பாருங்கள். பழைய குப்பியில் அது கூடுதலாக இருந்தால் சாயம் உடைந்திருக்கிறது. புதுக் குப்பியைப் போட்டு அரை மணி நேரம் ஜன்னல் ஓரம் வைத்த மூன்றாவது குழாயும் ஓட்டிப் பாருங்கள். குப்பியில் கேடா, உங்கள் மேசையில் கேடா என்பது அதில் தெரிந்துவிடும்.

எந்த நிறத்தை எங்கே வைப்பது என்பதில் உங்கள் தேர்வு மேல் எனக்கு வருத்தம் உண்டு. சிடி4-ஐப் பிஇ-யிலும் சிடி8-ஐப் பிஇ-சை7-லும் வைத்தால், சாயம் உடையும்போது பிறக்கும் பொய்ச் செல் நம்பத் தகுந்த செல்லாக இருக்கிறது. சிடி4, சிடி8 இரண்டும் உள்ள செல் உலகத்தில் உண்டே! பிழை வந்தால் நடக்கவே முடியாத ஒரு செல்லாகத் தெரியும்படி நிறங்களை வைக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஆறு நிறக் கலவையில் சிடி8 ஏபிசி-சை7-லும் சிடி19 ஏபிசி-யிலும் இருக்கின்றன. அங்கே சாயம் உடைந்தால் சிடி8-உம் சிடி19-உம் ஒன்றாக உள்ள செல் தோன்றும். அப்படி ஒரு டி செல் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும், உடனே குப்பியைத் தூக்கி எறிவார்கள். இன்னொரு விதி: செல்லின் மேல் குறைவாக இருக்கும் பொருளுக்குப் பிரகாசமான சாயம், நிறைய இருக்கும் பொருளுக்கு மங்கல் சாயம். சிடி3-க்கு எஃப்ஐடிசி போதும். ஒழுங்குபடுத்தும் டி செல்லைத் தேடி சிடி25 போடும் நாள் வந்தால் அதற்குப் பிஇ-ஐ ஒதுக்குங்கள். சுருள்பாசியில் இருக்கும் நிறமிகளில் ஒன்றுதான் ஏபிசி. இந்தப் பாசிப் புரதங்கள் உறைந்தால் கெட்டுவிடும். குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், பனி கட்டும் இடம் அது.

இப்போது ரத்தம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வருவதற்குள் மாதிரி பார்க்கும் வெப்பம் மாறிவிடுகிறது. மேலே மே மாதத்திலும் இதமாக இருக்கும். கீழே 40-ஐத் தொடும். நெறிமுறையில் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருப்பது 18 முதல் 25 டிகிரி. சேலத்து மே மாத அறை அதில் சேராது. வண்டியின் பின்பெட்டியில் மாதிரியை வைத்தால் செல்கள் வெந்துவிடும். அதற்குப் பயந்து ஐஸ் கட்டிமேல் குழாயை அடுக்குவது அதைவிட மோசம். சில செல்கள் தம் மேற்பரப்புப் பொருள்களை மாற்றிக்கொள்ளும், ரத்தம் சிதைந்து சிவப்புச் சாயம் கரையும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 2 முதல் 3 மில்லி எடுத்து, 8 முதல் 10 முறை மெல்லத் தலைகீழாகத் திருப்பி, பஞ்சு சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்த ஜெல் பொட்டலத்தைத் தடிமனான துணியில் சுற்றி, குழாயைத் தொடாமல் ஓரத்தில் வைத்தால் போதும். சின்ன வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே போட்டு, இறங்கியதும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் சாயம் ஏற்றுவது நல்லது. ஏசி அறையிலும் குழாயைத் திறந்த தாங்கியில் வெளிச்சத்தில் வைக்காதீர்கள். அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

சாயம் ஏற்றும் வேலை குழாயின் அடிப்பகுதியில் நடக்கிறது. பலர் கவனிக்காத இடமும் இதுதான். ஆன்டிபாடிக் கலவையை அடியில் விட்டபின், பிபெட் முனையைக் குழாயின் அடிவரை இறக்கி 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தை அங்கேயே விட வேண்டும். முனையின் வெளிப்புறத்தில் ரத்தம் ஒட்டியிருந்தால் முதலில் மெல்லிய தாளால் துடையுங்கள். இல்லாவிட்டால் முனை சுவரைத் தொடும் இடத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கீறல் விழும். அந்தக் கீறலில் இருக்கும் செல்களை ஆன்டிபாடி தொடவே இல்லை. பிறகு நீங்கள் சிவப்பணுவை உடைக்கும் லைசிங் திரவம் ஊற்றும்போது அது கீழே கழுவி வந்து கலந்துகொள்ளும். கருவியில் அந்தச் செல்கள் சிடி3 இல்லை, சிடி19 இல்லை, சிடி45-கூட இல்லை என்று நிற்கும். உங்கள் என்கே எண்ணிக்கை காரணமில்லாமல் கூடினால் குழாய்ச் சுவரைப் பாருங்கள். கீறல் தெரிந்தால் ஈரமான பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடலாம்.

அளவு: 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 4 முதல் 11 லட்சம் வெள்ளையணு இருக்கும். ஒரு சோதனைக்கு என்று குப்பியில் எழுதியிருக்கும் ஆன்டிபாடி அளவு பெரும்பாலும் 10 லட்சம் செல்லை மனதில் வைத்தது. வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 50,000 உள்ள மாதிரி வந்தால் 50 லட்சம் செல்லுக்கு அதே ஆன்டிபாடி பத்தாது. எல்லாச் செல்லும் மங்கும். ரத்தத்தைப் பிபிஎஸ் (பிஎச் மாறாத உப்புக் கரைசல்) சேர்த்து ஐந்து பங்காக்கிக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி கூடினாலும் கேடுதான், நெகட்டிவ் கூட்டம் மேலே ஏறும். புதுக் குப்பி வாங்கியதும் 5, 2.5, 1.25, 0.6, 0.3 மைக்ரோலிட்டர் என்று பாதி பாதியாகக் குறைத்து, எல்லாக் குழாயிலும் மொத்த அளவு ஒன்றாக வரும்படி வைத்து ஓட்டுங்கள். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடு மதிப்பு வித்தியாசத்தை, நெகட்டிவின் திட்ட விலக்கத்தைப்போல் இருமடங்கால் வகுங்கள். அந்த எண் எங்கே உச்சமோ அதுதான் உங்கள் அளவு.

மெல்ல வோர்டெக்ஸ் செய்து 15 முதல் 20 நிமிடம் இருட்டில் வையுங்கள். முழு ரத்தத்தில், ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடித்துக்கொள்ளும் எஃப்சி ஏற்பிகள் தரும் தொந்தரவு குறைவு, பிளாஸ்மாவில் ஏற்கெனவே இருக்கும் இம்யூனோகுளோபுலின் அவற்றை நிரப்பி வைத்திருக்கும். செல்களைக் கழுவிப் பிரித்துச் செய்பவர்கள்தான் மனித ஐஜிஜி கொண்டு முதலில் அடைக்க வேண்டும். இதற்கு நேர்மாறு, பி செல்லின் மேலுள்ள ஆன்டிபாடியின் கப்பா, லாம்டா சங்கிலிகளைப் பார்க்கும் வேலை. அங்கே பிளாஸ்மா ஆன்டிபாடியையே தின்றுவிடும், ஆகவே ரத்தத்தைக் கழுவிய பிறகே சாயம்.

சிவப்பணுவை உடைக்க அமோனியம் குளோரைடு திரவம் போதும்: ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு அமோனியம் குளோரைடு 8.3 கிராம், பொட்டாசியம் பைகார்பனேட் 1 கிராம், ஈடிடிஏ 37 மில்லிகிராம், பிஎச் 7.2 முதல் 7.4. குழாய்க்கு 2 மில்லி, இருட்டில் 10 நிமிடம். முடிந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. குழாயை அச்சடித்த தாளுக்கு முன்னால் பிடியுங்கள். முதலில் தாள் தெரியாது. கலங்கல் போய்ச் செம்மண் நிறத்திலிருந்து தெளிந்த சிவப்பானதும் எழுத்து படிக்கும்படி தெரியும். தெரிந்த பிறகும் நெடுநேரம் விட்டால் வெள்ளையணுவும் அடிபடும். கடைகளில் வரும் லைசிங் திரவம் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. அதைப் போட்டால் இரட்டைச் சாயங்களை அன்றே ஓட்டிவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

சென்ட்ரிபியூஜில் "1500 சுற்று" என்று எழுதி வைத்திருப்பது பல ஆய்வகங்களில் வழக்கம். அது அளவே இல்லை. ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் 1500 சுற்று சுமார் 250 ஜி (புவியீர்ப்பைப்போல் 250 மடங்கு), 18 சென்டிமீட்டர் என்றால் 450 ஜி. 0.00001118-ஐ ஆரத்தால் பெருக்கி, சுற்றின் வர்க்கத்தாலும் பெருக்கினால் ஜி கிடைக்கும். 300 ஜி, 5 நிமிடம் போதும். ஊற்றிவிட்டு, 1 சதவிகிதம் பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) கலந்த பிபிஎஸ் 2 மில்லியில் ஒருமுறை கழுவி, 400 மைக்ரோலிட்டரில் கரையுங்கள். எஃப்ஐடிசி அமிலத்தில் மங்கும், பிபிஎஸ் பழையதானால் பிஎச் பாருங்கள்.

காம்பென்சேஷன். எஃப்ஐடிசி பச்சையாக ஒளிரும்போது அதன் வால் பிஇ சானலிலும் விழும். அதைக் கழிக்க ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனியே ஒரு குழாய் வேண்டும். உதாரணம் ஒன்று: எஃப்ஐடிசி மட்டும் போட்ட குழாயில் நெகட்டிவ் செல்லின் நடு மதிப்பு பச்சையில் 200, பிஇ-யில் 150. பாசிட்டிவ் செல்லுக்குப் பச்சையில் 20,000, பிஇ-யில் 3,750. கசிவு 3,600-ஐ 19,800-ஆல் வகுத்தால் சுமார் 18 சதவிகிதம். கழித்தபின் இரண்டு கூட்டத்துக்கும் பிஇ நடு மதிப்பு ஒன்றாக வர வேண்டும். கண்ணால் பார்த்து "நேராக இருக்கிறது" என்று திருகாதீர்கள், எண்ணைப் பாருங்கள். தனிச் சாயக் குழாய் உங்கள் மாதிரியைவிட மங்கலாக இருக்கக் கூடாது. இரட்டைச் சாயத்துக்கு மாதிரியில் போட்ட அதே குப்பிதான் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் பிஇ கசிவு வேறு. போன மாதம் போட்ட கணக்கை இந்த மாதக் குப்பிக்கு வைத்ததும் உங்கள் 12-க்குக் காரணமாகலாம். மாதிரியும் தனிச் சாயக் குழாயும் ஒரே அளவு சிதைந்திருந்தால் கழிவு அதைச் சரிசெய்துவிடும். மாதிரி மட்டும் வெளிச்சத்தில் இருந்து சிதைந்திருந்தால் எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது. படத்தைத் திருகி அழகாக்காமல் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள்.

கேட் போடும்போது, அதாவது வேண்டிய கூட்டத்தை மட்டும் கோடு போட்டுப் பிரிக்கும்போது, முதலில் நேரத்துக்கு எதிராக ஒளியைப் பாருங்கள். காற்றுக் குமிழி வந்த இடத்தில் கூட்டம் உடையும், அந்தப் பகுதியை வெட்டுங்கள். பிறகு தனிச் செல்கள். பிறகு சிடி45-க்கு எதிராகப் பக்கச் சிதறல்: சிடி45 மிகுந்து சிதறல் குறைந்த கூட்டம் லிம்ஃபோசைட். முன்சிதறலை மட்டும் நம்பினால் உடையாத சிவப்பணுவும் குப்பையும் உள்ளே வரும். சிடி3 கேட் வைத்த பிறகே சிடி4 பாருங்கள், மோனோசைட்டிலும் மங்கலாக சிடி4 உண்டு. என்கே செல்லில் மங்கலாக சிடி8 உண்டு, அதற்கும் சிடி3-தான் வேலி. எது வரை நெகட்டிவ் என்ற கோட்டுக்கு ஐசோடைப்பை (செல்லில் எதையும் குறிவைக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி) நம்பாதீர்கள். சிடி4 தவிர மற்ற நான்கையும் போட்ட குழாய் ஒன்று செய்து, அதில் பிஇ எவ்வளவு உயரம் போகிறதோ அங்கே கோடு போடுங்கள். உங்கள் கேள்விக்கு இந்த ஒரு குழாயே பாதிப் பதில். அதில் சிடி4 ஆன்டிபாடியே கிடையாது. அங்கேயும் இரண்டும் பாசிட்டிவ் என்று செல் விழுந்தால் அது பொய்.

வெயிலில் வந்த மாதிரிக்கு, செத்த செல்லைப் பிரித்துக் காட்டும் உயிர்ச் சாயமும் வேண்டும். 7-ஏஏடி என்ற உயிர்ச் சாயம் உங்கள் கலவைக்கு ஒத்துவராது, அது பெர்சிபி சானலில் ஒளிரும். ஃபார்மால்டிஹைடு உள்ள லைசிங்குக்குப் பிறகு எல்லாச் செல்லுக்குள்ளும் அது புகும். ஊதா லேசர் இருந்தால், செல்லோடு இறுகப் பிணைந்து நிலைத்திருக்கும் சாயம் ஒன்றைத் தேர்ந்து, ஆன்டிபாடிக்கு முன் புரதம் கலக்காத பிபிஎஸ்-இல் கழுவிய செல்களுக்குப் போடுங்கள்.

லிம்ஃபோசைட் கேட்டில் குறைந்தது 5,000 செல் சேருங்கள். நொடிக்கு 1,000-க்குமேல் ஓட்டத் தேவையில்லை, வேகம் கூடினால் ஒட்டிய செல்லும் கூடும். என்கே ஆன்டிபாடியும் சேர்த்தபின் டி, பி, என்கே மூன்றின் கூட்டு 95 முதல் 105 சதவிகிதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் கேட்டிலோ சாயத்திலோ பிழை. சிடி4-ஐயும் சிடி8-ஐயும் கூட்டினால் சிடி3-க்கு ஏறத்தாழ வர வேண்டும், இரட்டைப் பாசிட்டிவ் கூடினால் இந்தக் கூட்டு மீறும்.

சதவிகிதம் வேறு, எண்ணிக்கை வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எச்ஐவி உள்ளவருக்கு சிடி4 ஒரு மைக்ரோலிட்டருக்கு 200-க்குக் கீழே போனால் நோய் முற்றிய நிலை என்று பார்க்கிறார்கள், அங்கே எண்ணிக்கைதான் வேண்டும். எண்ணித் தெரிந்த மணிகள் (ஒளிரும் நுண் உருண்டைகள்) உள்ள குழாயில் 50 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டுக் கழுவாமல் ஓட்டுவார்கள். குழாயில் 52,000 மணி, ஓட்டியதில் 4,000 மணியும் 2,400 சிடி4 செல்லும் என்றால்: 2,400-ஐ 4,000-ஆல் வகுத்து, 52,000-ஆல் பெருக்கி, 50-ஆல் வகுக்க 624. பிபெட்டில் 5 மைக்ரோலிட்டர் பிசகினால் விடையில் 10 சதவிகிதம் பிசகும். இந்தக் குழாயைக் கழுவினால் மணியும் செல்லும் வெவ்வேறு அளவில் தொலையும், கணக்கு பாழ்.

கருவிக்கு ஏசி நிலையாக ஓட வேண்டும், லேசர் சூடேற அரை மணி நேரம் விடுங்கள், மின்சாரம் போய் வந்தால் அன்றைய மணிச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். முடிந்ததும் 10 சதவிகித ப்ளீச் 5 நிமிடம், தண்ணீர் 5 நிமிடம்.

மறுபடி செய்யும்போது வரிசை இப்படி இருக்கட்டும்: சாயமே போடாத குழாய், ஐந்து தனிச் சாயக் குழாய்கள், சிடி4 இல்லாத நான்கு சாயக் குழாய், பிறகு மாதிரி. பிஇ-சை7 புதுக் குப்பி. எல்லாம் தாளில் சுற்றி. தனிச் செல் கேட் போட்டு, செத்த செல்லை நீக்கி, சிடி4 இல்லாத குழாயை வைத்துக் கோடு போட்டபின் 12 என்பது 3-க்குள் இறங்கிவிட்டால், பழைய முடிவுகளில் அந்தக் கட்டத்தை அடித்துவிடுங்கள். அப்போதும் 12 நின்றால், அதே ஆளிடம் மறுபடி ரத்தம் எடுத்து, சிடி8-ஐ ஏபிசி-க்கும் சிடி19-ஐ வேறு சானலுக்கும் மாற்றி ஓட்டுங்கள். நிறம் மாறியும் அதே செல்கள் அதே இடத்தில் நின்றால் அது உண்மையான கூட்டம். முதியவர்களிடமும் சில வைரஸ் தொற்றுகளிலும் அது கூடுவதுண்டு, அரிதாக டி செல் புற்றிலும் தெரியும். அப்போது அந்தப் படத்தை முகாமை நடத்திய மருத்துவரிடம் கொடுங்கள், அந்த ஆளிடம் நீங்களாக எதுவும் சொல்ல வேண்டாம்.